மூன்றரை அடி தள்ளி உதித்த சூரியன்

1997 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, நியூஜெர்சியில் ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் சூரியன் தப்பான இடத்தில் உதித்தது. சூரியன் மேல் குற்றம் இல்லை. நான் நட்ட இரண்டு கற்கள்தான் தப்பான இடத்தில் நின்றன.

இன்னும் பதினோரு நாளில், வருடத்தின் நீண்ட பகல் உள்ள நாளில், அந்த இரண்டு கற்களுக்கு நடுவே எழும் சூரியனைப் பார்த்து ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் அந்தத் தோட்டமே போட்டோம். நானோ கையில் தண்ணீர்க் குழாயோடு நின்று, மூன்றரை அடி வலது பக்கம் தள்ளிச் சிவப்பாக ஏறிக்கொண்டிருந்த சூரியனை முறைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத் தொழிலுக்கு வர ஆசைப்படும் நம் பிள்ளைகள் சிலர், "ஆன்ட்டி, உங்க எக்ஸ்பீரியன்ஸ் எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பரிசு வாங்கிய தோட்டங்களைப் பற்றி எழுதினால் என் பெருமைதான் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன். இதில் வருகிற அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் காதில் விழுந்த மாதிரி நம் பேச்சில் போட்டிருக்கிறேன்.

1. தண்ணி ஊத்தத் தெரியுமா?

நான் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. அக்ரி படித்தவள். 1990-ல் கல்யாணமாகி பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அப்பார்ட்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தேன். கணவர் சுந்தருக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது. ஒரு கறிவேப்பிலைக் கன்றை மூன்று குளிர்காலம் ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சாகாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்த நாட்களில் என் விவசாயம்.

கிரீன் கார்டு வந்த வாரமே, ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சரியில் போய் நின்றேன். செடி விற்பார்கள், வீடுகளுக்குத் தோட்டமும் போட்டுக் கொடுப்பார்கள். முதலாளி பெயர் வால்ட். அறுபது வயது, எந்நேரமும் மண் ஒட்டிய பூட்ஸ். நான் கொண்டுபோன சர்ட்டிபிகேட்டை அவர் தொடவே இல்லை.

"செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமா?"

"நான் அக்ரி கிராஜுவேட்."

"அது சரிம்மா. தண்ணி ஊத்தத் தெரியுமா?"

ரோஷமாக இருந்தது. ஆனாலும் சேர்ந்தேன். சரஸ்வதி என்ற பெயர் அவர் வாயில் நுழையாமல் சாரா ஆனது. இரண்டரை வருடம் குழாய் பிடித்தேன். எந்தச் செடி எந்தக் காற்றுக்குத் துவளும், எது நன்றாக இருப்பதுபோல் நடித்துவிட்டு மறுநாள் செத்துப்போகும் என்றெல்லாம் அங்கேதான் கற்றேன். குழாய் பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம் என்று இன்று நானும் வால்ட் மாதிரியே சொல்கிறேன்.

1996 அக்டோபரில் ஒரு அம்மாள் நர்சரிக்கு வந்து மக்வொர்ட் செடி வேண்டும் என்றார். கவுன்ட்டரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நியூஜெர்சியில் அது ரோட்டோரமெல்லாம் முளைக்கிற களை.

"அதைப் பிடுங்கிப் போடத்தான் ஜனங்க என்னைக் கூப்பிடுவாங்க. நீங்க வெலை குடுத்து வாங்க வந்திருக்கீங்க" என்றார் வால்ட்.

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது. அவர் வாசல் பக்கம் திரும்பியதும் நான் பின்னால் போய், உரக்குவியலுக்கு அந்தப் பக்கம் புதராக நின்றதைக் காட்டினேன். இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "எங்க ஊர்ல இதோட சொந்தக்காரச் செடி ஒண்ணை சாமிக்கு வைப்போம். மாசிபத்திரின்னு பேரு. இன்னொண்ணு மரிக்கொழுந்து, தலையில வச்சுக்குவோம்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குத் தோட்டம் டிசைன் பண்ணத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒன்றுகூடச் செய்ததில்லை.

வால்ட் ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு கூப்பிட்டார். "சாரா, இது உன் வேலை. நல்லா வந்துச்சுன்னா மாடியில உனக்கு ஒரு டிராயிங் டேபிள். சொதப்பினா திரும்ப ஹோஸ் பிடிச்சுத் தண்ணி ஊத்தற வேலைதான், என்கிட்ட டிசைன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

2. விபூதி வைத்துக்கொண்டு போனது

அந்த அம்மாள் பெயர் ஜோன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஊர் நூலகத்தில் வேலை. போனில் பேசும்போதே சொல்லிவிட்டார்: "நான் ஒரு விட்ச். பழைய பேகன் வழிபாடு. சூரியன், நிலா, பருவங்கள், இதுதான் எங்க சாமி. பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் சுந்தர் தட்டில் இருந்த தோசையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அட கெரகமே! சூனியக்காரிக்கு கார்டன் போடறதுக்கா உன்னை அமெரிக்கா கூட்டிட்டு வந்தேன்?"

"சூனியம் இல்லீங்க. அவங்க எட்டுப் பண்டிகை கொண்டாடறாங்க, அவ்வளவுதான்."

"எதுக்கும் திருநீறு வச்சுட்டுப் போ."

வைத்துக்கொண்டுதான் போனேன். கொஞ்சம் பட்டையாகவே. ஹோப்வெல் பக்கம், சோயா வயல்களை ஒட்டிய பழைய வீடு. ஜோன் கதவைத் திறந்ததும் என் நெற்றியைத்தான் பார்த்தார்.

"அது என்ன?"

"சாம்பல். புனிதமானது."

"எதுக்கு வச்சுக்குவீங்க?"

"பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து?"

எனக்குப் பொய் சட்டென்று வராது. "இன்னைக்கு உங்ககிட்டேருந்துதான்" என்றேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு இருந்த பயம் போய்விட்டது. வாசல் நிலையில் குதிரை லாடம் அடித்திருந்தார், ஜன்னலில் காய்ந்த மூலிகைக் கட்டு தொங்கியது. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிய வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் என்ன அதிசயம்.

டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒரே மகள், லாரா. பள்ளியில் படிக்கும்போது மற்றப் பிள்ளைகள் அவளை விட்ச் பெற்ற பிள்ளை என்று கேலி செய்திருக்கிறார்கள். லாக்கரில் விளக்குமாற்றைச் சொருகி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவள் வருடத்துக்கு ஒரு தடவை வருவாள், ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவாள். தோட்டத்துப் பக்கம் காலே வைக்க மாட்டாள்.

"இப்ப அவளுக்குக் கல்யாணம். எங்க முறைப்படி, சூரியன் உதிக்கிற நேரத்துல, கையைக் கயித்தால கட்டிச் செய்யலாமான்னு பயந்து பயந்து கேட்டேன். சரின்னுட்டா. ஏன் சரின்னான்னு எனக்கே தெரியலை. மறுபடி மனசு மாறிடுவாளோன்னு இருக்கு." கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னைக்கு ஏதாவது கோணலாப் போச்சுன்னா, அம்மாவோட பைத்தியக்காரத்தனம்னு சொல்லிட்டுப் போயிடுவா. அதோட சரி."

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அப்போது அவளுக்கு மூன்று வயது, டேகேரில் இருந்தாள். நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிய காலம். ஜோன் சொன்னது எனக்கு எங்கே போய் உறைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

3. தாளில் போட்ட சக்கரம்

தீம் கார்டன் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் ஒரு கதையோடு வருவார். அந்தக் கதையில் வருகிற செடிகள் எல்லாம் வேறு நாட்டு மண்ணில் வளர்ந்தவை. நம் வேலை, கதையைக் கெடுக்காமல் இந்த மண்ணுக்கு ஏற்ற செடியைக் கண்டுபிடிப்பது. ஜோன் ரோவன் மரம் கேட்டார். நியூஜெர்சி வெயிலுக்கு அது தாங்காது, இந்த ஊர் ஹாத்தார்ன் முள்மரத்தை வைத்தேன். மான்ட்ரேக் கிழங்கு கேட்டார். முடியவே முடியாது என்றேன். டட்யூரா கேட்டார். அது நம் ஊமத்தை. "எங்க சிவனுக்கு ரொம்பப் பிடிச்ச பூ. ஆனா குழந்தைங்க வாயில வச்சா ஆஸ்பத்திரிதான்" என்று சொல்லி, வேலிக்குள் பூட்டுப் போட்டு ஒரு மூலையில் கொடுத்தேன். மக்வொர்ட் வேர் ஊரெல்லாம் ஓடும் என்பதால் பெரிய பிளாஸ்டிக் தொட்டியோடு மண்ணில் புதைத்தேன். அது நல்ல யோசனை, இன்றும் செய்கிறேன்.

மொத்தத் திட்டம் இதுதான்: முப்பது அடி விட்டத்தில் ஒரு வட்டம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பாதைகள், நடுவே எட்டுப் பாத்திகள், பண்டிகைக்கு ஒன்று. குளிர்காலப் பாத்திக்குப் பனியிலும் பச்சை மாறாத ஹாலி, கோடைப் பாத்திக்கு மஞ்சள் பூக்களும் ஊதா லாவெண்டரும், அறுப்புக்காலப் பாத்திக்குக் கோதுமை, முன்னோர்களை நினைக்கும் பாத்திக்கு ரோஸ்மேரியும் மக்வொர்ட்டும். நட்ட நடுவில் ஒரு தட்டைக் கல். வடகிழக்கு ஓரத்தில் ஐந்தடி உயரத்தில் இரண்டு நெடுங்கற்கள், இடையில் மூன்றடி இடைவெளி. நடுக்கல்லில் நின்று பார்த்தால் நீண்ட பகல் நாளில் சூரியன் அந்த இடைவெளியில் எழ வேண்டும்.

முதல் டிராயிங்கைக் காட்டியபோது ஜோன் விரலால் பாதையைத் தொடர்ந்தார். தெற்கே நுழைந்து, இடது பக்கம் திரும்பி, நடுக்கல்லை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி வருகிற பாதை.

"இந்தப் பக்கமாத்தான் சுத்தணும்னு உங்களுக்கு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லையே?"

"வேற எந்தப் பக்கம் சுத்துவாங்க?" என்றேன். கோயிலில் வலம் வருவதை எழுந்து நின்று சுற்றிக் காட்டினேன். இடமாகச் சுற்றினால் அபசகுனம் என்றும் சொன்னேன். அவர்களுக்கும் அதே அர்த்தம்தானாம். அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தோம், வால்ட் போன் செய்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டார்.

ஏப்ரலில் வேலை தொடங்கியது. ராமிரோ என்ற மெக்சிகோக்காரர்தான் ஃபோர்மேன். முதலில் நடுக்கல். அதைப் பதிப்பதற்கு முன் ஜோன் ஒரு தகர டப்பாவைக் குழியில் வைத்தார். உள்ளே லாராவின் பால் பற்கள். பிறகு, வேலை செய்கிற எல்லாரும் ஏதாவது போட வேண்டும் என்றார். ராமிரோ தன் ஊர் நாணயம் ஒன்றைப் போட்டுச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். நான் மறுநாள் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் நவதானியம் வாங்கி வந்து ஒரு பிடி போட்டேன். அதற்கு மேல் கல் இறங்கியது. எங்கள் மூன்று பேருக்குமே அது விளையாட்டாகத் தோன்றவில்லை.

4. மாமனார் கொடுத்த திசைகாட்டி

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

சூரியன் எந்தக் கோணத்தில் உதிக்கும் என்று சுந்தரைக் கேட்டேன். சூனியக்காரி வேலை என்று கேலி பேசினாலும் கணக்கு என்றால் அவருக்கு உயிர். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, வடக்கிலிருந்து கிழக்கே ஐம்பத்தெட்டு டிகிரி என்று கொடுத்தார். அது சரியான கணக்கு.

அந்தக் கோணத்தை மண்ணில் குறிக்க ஒரு திசைகாட்டி வேண்டும். என் கைப்பையிலேயே ஒன்று இருந்தது. பித்தளை, கோயம்புத்தூரில் வாங்கியது. முந்தின வருடம் நாங்கள் வீடு தேடியபோது, "கிழக்குப் பார்த்த வாசல் இல்லாம வாங்கிப் போடாதீங்க" என்று மாமனார் கொடுத்தனுப்பியது. அதை வைத்துக்கொண்டு பதினேழு வீடுகளைத் தள்ளினோம். வீடு விற்கும் ஏஜென்ட் பெண்மணி எங்களைக் கண்டாலே கும்பிடு போடக் கற்றுக்கொண்டிருந்தாள். கடைசியில் கிடைத்த வீட்டில்தான் இருந்தோம்.

அந்தத் திசைகாட்டியை நடுக்கல்லின் மேல் வைத்து, முள்ளைப் பார்த்து ஐம்பத்தெட்டு டிகிரி பிடித்து, கயிறு கட்டினேன். ராமிரோ பாப்கேட் என்ற சின்ன மண் அள்ளும் வண்டியால் கற்களைத் தூக்கி, சரளைக்கல் படுகை போட்டு நிறுத்தினார். ஒவ்வொன்றும் முக்கால் டன். அழகாக நின்றன. நானே போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, புதிதாக நட்ட செடிகளுக்கு வெயில் வருமுன் தண்ணீர் விடலாம் என்று விடிவதற்குள் போனேன். ஜோன் தூங்கிக்கொண்டிருந்தார். மரங்களுக்கு மேல் வெளிச்சம் வந்தபோது சும்மா நடுக்கல்லில் ஏறி நின்றேன். கற்களின் இடைவெளியில் ஒன்றும் இல்லை. வலது பக்கக் கல்லையும் தாண்டி, செடிகளுக்கு மேல் சூரியன். நீண்ட பகல் நாளுக்குள் சூரியன் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகரும்தான். ஆனால் பத்துப் பன்னிரண்டு நாளில் அது நகருவது விரல் அகலம். டேப் வைத்து அளந்தேன். மூன்றரை அடி.

நேரே நர்சரிக்குப் போய் வரைபடங்களை விரித்தேன். ஜோன் வீட்டு நிலத்தின் சர்வே தாள் ஒன்று உண்டு, அதன்மேல்தான் நான் டிரேசிங் பேப்பர் வைத்து எல்லாம் வரைந்தேன். அந்தத் தாளின் மூலையில் வடக்கு என்று இரண்டு அம்புக்குறிகள். ஒன்று நேராக, இன்னொன்று கொஞ்சம் சாய்வாக. இடையில் பதின்மூன்று டிகிரி என்று எழுதியிருந்தது. ஏழு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்ந்த அம்பு ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

காந்த முள் காட்டும் வடக்கு வேறு, பூமியின் உண்மை வடக்கு வேறு. கோயம்புத்தூரில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், அதனால் கல்லூரியில் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நியூஜெர்சியில் முள் பதின்மூன்று டிகிரி மேற்கே சாய்கிறது. ஊரில் சரியாக இருந்தது இங்கேயும் சரியாக இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். பூமி எல்லா இடத்திலும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

மதியம் சுந்தருக்கு போன் செய்து அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நம்ம வீடு?"

"என்ன நம்ம வீடு?"

"அதே காம்பஸ்ல பார்த்துத்தானே ஈஸ்ட் ஃபேசிங்னு வாங்கினோம்?"

அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதே" என்றார் சுந்தர். இன்றுவரை சொல்லவில்லை.

5. வால்ட் சொன்ன வழி

வால்ட் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தாளைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கல்லை நகர்த்தணும்னா பாப்கேட் உள்ள போகணும். பாதை போச்சு, கோடைப் பாத்தி முழுக்கப் போச்சு. பதினோரு நாள்ல மறுபடி செடி எழும்பாது." பென்சிலை எடுத்தார். "அதைவிட லேசான வழி இருக்கு. நடுக்கல்லை மூணரை அடி இந்தப் பக்கம் தள்ளு. அங்க நின்னு பார்த்தா சூரியன் இடைவெளியில வந்துடும். ரெண்டு மணி நேர வேலை. அந்தம்மா லைப்ரரிக்குப் போனதும் முடிச்சுட்டு வந்துடு. கல்யாணத்துக்கு யாரும் டேப் எடுத்துட்டு வரமாட்டாங்க."

கணக்குப்படி அது சரி. நிற்கும் இடம் நகர்ந்தால் கோணமும் நகரும். என் டிராயிங் டேபிளும் பிழைத்துவிடும். ஒத்துக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன். புதன்கிழமை காலை ராமிரோவும் நானும் கடப்பாரையோடு கிளம்பினோம்.

ஜோன் வீட்டில் இல்லை. ராமிரோ கடப்பாரையை நடுக்கல்லுக்கு அடியில் கொடுத்தார். அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார்.

"கீழ இருக்கறதையும் நகர்த்தணுமா?" என்று கேட்டார்.

பால் பற்கள். நாணயம். நவதானியம். ஒரு தாய் தன் கையால் வைத்து, மேலே கல் வைத்து மூடிய இடம் அது. கர்ப்பக்கிரகத்தைச் சாமிக்குத் தெரியாமல் மூன்றரை அடி தள்ளி வைக்கிற வேலையை நான் செய்யப் போகிறேன்.

"வேண்டாம் ராமிரோ. எடுங்க அதை" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

புல்லிலேயே உட்கார்ந்து, மாலை ஜோன் வரும்வரை காத்திருந்தோம்.

6. பிடுங்கி நட்ட சனிக்கிழமை

ஜோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திசைகாட்டி, இரண்டு அம்பு, வால்ட் சொன்ன வழி, கடப்பாரை, ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே வெளிறிப்போனார்.

"உங்களை நம்பித்தானே அவளைக் கூப்பிட்டேன்" என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வார்த்தையை நான் இன்றும் மறக்கவில்லை. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றோம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். அழுதிருந்தார்.

"லாராவுக்கு போன் பண்ணினேன். அவகிட்ட மறைச்சா தப்புன்னு தோணுச்சு. வட்டம் கோணலாப் போச்சுன்னு சொன்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சா. அப்புறம், 'செடியெல்லாம் யாரும்மா பிடுங்கப் போறது'ன்னு கேட்டா. சனிக்கிழமை வர்றாளாம்."

வால்டிடம் போய், வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன், கல்லைத்தான் நகர்த்தப் போகிறோம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் சனிக்கிழமை பாப்கேட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அன்று ஜோனின் வழிபாட்டுத் தோழிகள் ஒன்பது பேர் வந்தார்கள். நர்ஸ், டீச்சர், பஸ் ஓட்டுகிறவர், எல்லாரும் நாம் தினம் பார்க்கிற பெண்கள். சுந்தர், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய டப்பா எலுமிச்சை சாதத்தோடு வந்தார். திருநீறு வைத்திருந்தார், கொஞ்சம் பட்டையாகவே. ஜோன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

லாரா கடைசியாக வந்தாள். வெள்ளை ஷூ. பாதையின் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளிடம் ஒரு கைமண்வெட்டியைக் கொடுத்து, "வேரைச் சுத்தி ஒரு ஜாண் விட்டுத் தோண்டு, மண் உதிரக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வேறு பேச நேரமில்லை.

வெயிலுக்குமுன் செடிகளைத் தூக்கி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தோம். வேருக்கு மண் ஒட்டி வந்தால் ஜூனிலும் செடி பிழைக்கும். இரண்டரை வருடம் குழாய் பிடித்தது அன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. இந்த முறை திசைகாட்டி இல்லை. முந்தின இரண்டு நாள் விடியற்காலையில் நடுக்கல்லில் நின்று, சூரியன் எழும்பிய இடத்துக்கு நேராகக் குச்சி நட்டு வைத்திருந்தேன். அந்தக் குச்சியின் இரண்டு பக்கமும் கற்கள் போய் உட்கார்ந்தன.

மதியம் சாப்பிடக் கூப்பிடப் போனபோது லாராவைப் பார்த்தேன். முழங்கால் வரை மண். வெள்ளை ஷூவைக் காணவில்லை, வெறுங்கால். பக்கத்தில் ஜோன். லாரா ஒவ்வொரு செடியாகத் தூக்கி, "இது எதுக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், மெதுவாக, எங்கே அவள் கேட்பதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்த மாதிரி. அவள் நிறுத்தவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் மகளைத் தேடிப் போய்த் தூக்கிக்கொண்டேன்.

பழைய இடத்தில் இரண்டு சரளைக் குழிகள் மிஞ்சின. மண் போட்டு மூடட்டுமா என்று வால்ட் கேட்டார். "இருக்கட்டும், இதுல ஏதாவது வைக்கலாம்" என்றாள் லாரா. கையில் மீதி இருந்தவை இரண்டு லாவெண்டர். அதையே அவள் கையால் நட்டாள்.

7. நீண்ட பகல்

கல்யாணத்தன்று கிழக்கே புகைமூட்டம் மாதிரி இருந்தது. நடுக்கல்லில் மணமக்கள், சுற்றிலும் நாற்பது பேர். எனக்குப் பிள்ளையாரைத் தவிர வேறு நினைப்பில்லை. மரங்களுக்கு மேல் முதலில் ஒரு சிவப்புக் கீற்று, அப்புறம் முழு வட்டம், இரண்டு கற்களுக்கும் நட்ட நடுவில். கற்களின் நிழல் நீண்டு வந்து மணமக்களின் இரண்டு பக்கமும் விழுந்தது. ஜோன் கயிற்றால் இரண்டு கைகளையும் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. லாரா தன் இன்னொரு கையால் அம்மாவின் விரலைப் பிடித்து முடிச்சைப் போடவைத்தாள்.

என் பக்கத்தில் நின்ற வால்ட், "சொதப்பினா ஹோஸ்தான்னு சொன்னேனில்ல. ஜூலை முழுக்க அதுதான் உனக்கு. ஆகஸ்ட்ல டேபிள் வாங்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

நான் தப்பு செய்ததே நல்லதாகப் போயிற்று என்று எழுத மாட்டேன். அந்த அரை மணி நேரம் ஜோன் சாத்திய கதவை நான் பார்த்திருக்கிறேன். இனி வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். வரைபடத்தை விரித்ததும் முதலில் மூலையில் இருக்கிற அம்புக்குறியைப் பாருங்கள், பிறகு மண்ணில் ஒரு குச்சியை நட்டுச் சூரியனையே கேளுங்கள். தப்பு தெரிந்துவிட்டால், நடுக்கல்லில் கடப்பாரையை வைக்காதீர்கள், வாடிக்கையாளர் வீட்டுக்கு வரும்வரை புல்லில் உட்கார்ந்திருங்கள்.

நியூஜெர்சிக் களிமண்ணில் லாவெண்டர் மூன்று குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம், வேரில் தண்ணீர் நின்று அழுகிவிடும். 2001 ஜூனில் நான் அங்கே போனபோது, கோடைப் பாத்தியில் நான் பார்த்துப் பார்த்து நட்ட லாவெண்டர் ஒன்றுகூட இல்லை. கற்கள் தப்பாக நின்ற அந்த இரண்டு சரளைக் குழிகளில் மட்டும் இடுப்பளவு புதராகப் பூத்து நின்றது. தண்ணீர் வடிந்துபோக வழி இருந்தது, அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து என் எல்லாத் தோட்டத்திலும் லாவெண்டருக்குக் கீழே சரளை போடுகிறேன்.

லாரா இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். வெறுங்காலோடு ஓடிய அந்தக் குழந்தையை, "இந்தப் பக்கமா இல்லடி, அந்தப் பக்கமா" என்று திருப்பிவிட்டு, நடுக்கல்லை வலக்கைப் பக்கம் வைத்து அதன் பின்னாலேயே சுற்றி வந்தாள். ஜோன் என்னைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் நாங்களும் ஒரு சுற்று நடந்தோம்.